பாதி ஓட்டும் காரும் பாதி விழித்திருக்கும் ஓட்டுநரும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

விஞ்ஞான யுகம் என்று சொல்லப்படும் இந்நாளில், ஓட்டுநரே இல்லாமல் ஓடும் காரைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம் கல்லூரியில் எவரும் இருக்கமாட்டார். ஆனால் அதைவிடச் சிக்கலான ஒன்று ஓசைப்படாமல் நம் நாட்டுச் சாலைகளுக்கே வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதுதான் பாதி தானாக ஓடும் கார். அது தானே வேகத்தைக் கூட்டும், குறைக்கும். தானே ஸ்டியரிங்கைத் திருப்பும். எனினும் ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அவர் ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுபவரைப் போலவே விழித்திருக்க வேண்டும். அந்த மனிதருக்கும் அந்தக் காருக்கும் இடையே நடப்பது என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதன் கதை ஒரு பார்வையற்றவரிடமிருந்து தொடங்குகிறது என்றால் நண்பர்கள் வியப்படையலாம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரால்ப் டீட்டர் என்ற பொறியாளர் இருந்தார். ஐந்தாம் வயதில் ஒரு விபத்தில் கண்களை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் காரோட்டும்போது தாம் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம். பிறர் பேசக் கேட்டால் வேகத்தைக் கூட்டுவாராம். பக்கத்தில் அமர்ந்திருந்த டீட்டருக்கு அந்த ஆட்டம் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். ஒரே வேகத்தில் காரை நிறுத்தி வைக்கும் கருவியொன்றை அவர் அமைத்து 1950-இல் காப்புரிமை பெற்றார். 1958-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் அது வந்தது. ஓட்டுநரின் வலது கால் செய்துவந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது அப்போதுதான்.

பிறகு அதற்குக் கண் வைத்தார்கள். 1995-இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் லேசர் ஒளியைக் கொண்டு முன்னே செல்லும் வண்டியின் தொலைவை அளக்கும் காரை விற்றது. 1999-இல் மெர்சிடிஸ் நிறுவனம் ராடாரைப் பயன்படுத்தியது. முன்னால் போகும் வண்டி மெதுவானால் இதுவும் மெதுவாகும். அது வேகமெடுத்தால் இதுவும் எடுக்கும். அடுத்து, சாலையில் வரைந்த வெள்ளைக் கோடுகளைக் காமிரா மூலம் பார்த்துக் காரைக் கோடுகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. காலின் வேலையும் கையின் வேலையும் போய்விட்டன. கண்ணின் வேலை மட்டும் மனிதனிடம் எஞ்சியது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

எஸ்.ஏ.இ. என்ற பன்னாட்டுப் பொறியாளர் சங்கம் 2014-இல் இக்கார்களை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்தது. 0 என்பது நாம் அறிந்த சாதாரண வண்டி. 5 என்பது எந்தச் சாலையிலும் எந்த வானிலையிலும் ஆளின்றி ஓடுவது. அப்படி ஒன்று இன்னும் உலகில் இல்லை. நமக்கு வேண்டியவை நடுவில் உள்ள இரண்டு. இரண்டாம் படியில் காரே ஓட்டும், ஆனால் மனிதன் ஒவ்வொரு வினாடியும் சாலையைக் கண்காணிக்க வேண்டும், பொறுப்பு அவனுடையது. மூன்றாம் படியில் மனிதன் கண்ணை எடுத்துவிடலாம், ஆனால் கார் கூப்பிட்டால் வந்துவிட வேண்டும். தாளில் படிக்கும்போது இவ்விரண்டும் எளிமையாகத் தோன்றும். மனித மூளையின் இயல்போடு சேர்த்துப் பார்த்தால்தான் இவை எவ்வளவு கடினமான கட்டளைகள் என்பது விளங்கும்.

பார்த்துக்கொண்டே இருப்பது

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் ராடார் திரையைப் பார்க்கும் வேலையில் இருந்தவர்கள், வேலை தொடங்கிச் சிறிது நேரத்திற்கெல்லாம் திரையில் தோன்றும் நீர்மூழ்கிக் கப்பலின் அடையாளத்தைத் தவறவிட்டார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். உயிரைப் பணயம் வைத்துப் பணிபுரிந்தவர்கள். நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலார் இதை ஆராய்ந்தார். எண்களே இல்லாத ஒரு கடிகார முகப்பு. அதில் ஒரு முள் வினாடிக்கு ஒரு தடவை ஒரு படி நகரும். எப்போதோ ஒருமுறை மட்டும் இரண்டு படி தாவும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனை. முதல் அரை மணிக்குள்ளேயே மனிதர்கள் தாவல்களைத் தவறவிடத் தொடங்குகிறார்கள் என்று அவர் கண்டு 1948-இல் வெளியிட்டார்.

எதுவும் நடக்காத ஒன்றை உற்று நோக்கிக்கொண்டிருக்க மனித மூளையால் முடியாது என்பதே இதன் பொருள். கார் எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு அந்த முள் தாவுவது அரிதாகிறது. அவ்வளவுக்குப் பார்ப்பவரின் கவனமும் கரைகிறது. மோசமாக ஓட்டும் இயந்திரத்தைக் கண்காணிப்பது எளிது. ஏறக்குறைய நன்றாக ஓட்டும் இயந்திரத்தைக் கண்காணிப்பதுதான் கடினம்.

1983-இல் லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற ஆங்கில உளவியலார் இதைச் சில பக்கக் கட்டுரை ஒன்றில் தெளிவாக எழுதினார். அவர் எழுதியது தொழிற்சாலைகளைப் பற்றி. கார்களைப் பற்றி அல்ல. எளிய வேலைகளை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத கடினமானவற்றை மட்டும் மனிதனிடம் விடுகிறோம். அன்றாடம் செய்யாததால் அவன் கைப்பழக்கமும் போய்விடுகிறது. பிறகு மிகக் கடினமான கட்டத்தில், பழக்கம் விட்டுப்போன அவனைக் கூப்பிட்டுச் சமாளி என்கிறோம். இதுவே அவர் காட்டிய முரண்.

பெரிய ஆய்வாளர் சொன்னதை நம் ஊர்க்காரரும் அறிவார் என்பதற்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். என் தந்தையார் சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுகிறார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். புதிதாக லைசென்ஸ் வாங்கிய பையன்களைப் பக்கத்திலிருந்து பழக்குவதும் உண்டு. மேக்வொர்த்தின் கடிகாரத்தைப் பற்றி நான் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. “பக்கத்துல உக்காந்து பாக்கறதுதான் கண்ணு பெரிய வேலை. ஓட்டறதா இருந்தா நாமளே ஓட்டிட்டுப் போயிரலாம். பையன் நல்லா ஓட்டறான்னு தெரிஞ்சுதுன்னு வெய்யி, அரை மணியில நமக்குக் கண்ணு சொக்கீரும்” என்றார். அரை மணி என்ற கணக்கை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

கூகுள் நிறுவனமும் இதைக் காசு செலவழித்துக் கற்றது. 2012-இல் நெடுஞ்சாலையில் தானே ஓடும் கார்களைத் தன் ஊழியர்களிடம் கொடுத்து, எப்போதும் சாலையைப் பார்க்க வேண்டும், காருக்குள் காமிரா இருக்கிறது என்று எச்சரித்தும் அனுப்பியது. சில நாட்களிலேயே ஊழியர்கள் கவனத்தைக் கைவிட்டார்கள். ஒருவர் மணிக்கு 65 மைல் வேகத்தில் பின்பக்கம் திரும்பி, தொலைபேசிக்கு மின்னேற்ற மடிக்கணினியைத் தேடினார். பாதி வழி என்ற யோசனையையே அந்நிறுவனம் கைவிட்டு, ஆளே வேண்டாத காரை நோக்கிப் போயிற்று. ஆனால் மற்றப் பல நிறுவனங்கள் பாதி ஓடும் கார்களைத் தொடர்ந்து விற்றன, இன்றும் விற்கின்றன.

37 நிமிடங்களில் 25 வினாடிகள்

2016 மே 7-ஆம் நாள் புளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் என்ற ஊரருகே டெஸ்லா கார் ஒன்று, சாலையைக் குறுக்கே கடந்த நீண்ட டிரெய்லர் லாரியின் அடியில் பாய்ந்தது. காரில் இருந்தவர் இறந்தார். ஆட்டோபைலட் என்ற அமைப்பு அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. வேகம் மணிக்கு 74 மைல். பிரேக் போடப்படவேயில்லை, காரும் போடவில்லை, மனிதரும் போடவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரின் பதிவுகளை ஆராய்ந்தது. 37 நிமிடம் அந்த அமைப்பு ஓட்டியிருக்கிறது; அதில் ஸ்டியரிங்கில் கை இருந்ததாகக் கருவி உணர்ந்தது மொத்தம் 25 வினாடிகள். நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். கையை வை என்று கார் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தொட்டுவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார். வழிவிடாத லாரி ஓட்டுநர் மீதும் கவனிக்காத கார் ஓட்டுநர் மீதும் குறை சொன்ன வாரியம், இவ்வளவு நேரம் கவனமின்றி இருக்க இடங்கொடுத்த வடிவமைப்பும் ஒரு காரணமே என்று 2017-இல் எழுதியது. அந்த மூன்றாவது காரணம் முக்கியமானது.

இங்கே இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு விளக்கம். கை இருப்பதைக் கார் எப்படி அறிகிறது? பல கார்களில், ஸ்டியரிங் தண்டின் மீது விழும் முறுக்குவிசையை அளக்கும் கருவி இருக்கிறது. முறுக்குவிசை என்பது விசையையும் ஆரத்தையும் பெருக்கி வருவது. கையின் எடை ஒரு பக்கம் தொங்கினால் சிறு முறுக்கு உண்டாகும். ஆகவே அந்தக் கருவி அளப்பது கையை அல்ல, எடையை. கவனத்தை அல்லவே அல்ல. இரு கைகளாலும் சமமாகப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகச் சாலையைப் பார்ப்பவரை அது “கை எங்கே?” என்று கேட்கும். ஒரு ஆரஞ்சுப் பழத்தைச் சக்கரத்தில் செருகிவிட்டுத் தூங்குபவரைப் பாராட்டிவிட்டுப் போகும். ஆரஞ்சு என்பது நான் கட்டிய கதையன்று. அப்படியே செய்து படம் எடுத்துப் போட்டவர்கள் உண்டு. ஸ்டியரிங்கில் மாட்டும் எடைக்கட்டி ஒன்றைக் கடையிலேயே விற்கத் தொடங்க, 2018-இல் அமெரிக்க அரசு அதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது.

இதைவிடச் சிறந்த முறை கண்ணையே பார்ப்பது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2017-இல் ஸ்டியரிங் தண்டின் மேல் ஒரு சிறு காமிராவை வைத்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் ஓட்டுநரின் முகத்தையும் விழியையும் அது நோக்கும். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை கையை எடுக்கலாம். கண் விலகினால் ஸ்டியரிங்கின் மேலுள்ள பச்சை விளக்கு மின்னும், பிறகு சிவப்பாகும். இங்கே ஓட்டுநர் காரைக் கண்காணிக்கிறார். கார் ஓட்டுநரைக் கண்காணிக்கிறது.

எல்லாக் கார்களும் இதைச் சரியாகச் செய்வதில்லை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கழகம் 2024 மார்ச்சில் இத்தகைய 14 அமைப்புகளுக்கு மதிப்பெண் போட்டது. 11 அமைப்புகள் மோசம் என்ற வரிசையில் விழுந்தன. இரண்டு அதற்கு மேல்படி. ஏற்கத்தக்கது என்று பெயர் பெற்றது ஒன்றே ஒன்று. நம் தேர்வு முடிவுப் பலகையில்கூட இவ்வளவு மோசமான ஆண்டு இருந்திராது. அதற்கு மூன்று மாதம் முன்னர்தான், 2023 டிசம்பரில், ஓட்டுநரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாது என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் திருத்தத்திற்குத் திரும்ப அழைக்கப்பட்டிருந்தன.

நம்பிக்கையின் அளவு

ஓட்டுநர் இயந்திரத்தை அடியோடு நம்பாவிட்டால் அதை அணைத்துவிடுவார். அளவுக்கு மீறி நம்பினால் தூங்கிவிடுவார். அது எவ்வளவுக்குத் தகுதியானதோ அவ்வளவுக்கு மட்டும் நம்ப வேண்டும். ஆனால் அதன் தகுதியை அவர் எப்படி அறிவார்?

பெயரே ஆளை ஏமாற்றும். மேற்சொன்ன ஆய்வுக்கழகம் 2019-இல் ஏறத்தாழ 2,000 ஓட்டுநர்களிடம் ஐந்து நிறுவனங்களின் அமைப்புகளுடைய பெயர்களை மட்டும் சொல்லிக் கேட்டது. ஆட்டோபைலட் என்ற பெயரைக் கேட்டவர்களில் 48 விழுக்காட்டினர் கையை எடுத்துவிட்டு ஓட்டுவது பாதுகாப்பானது என்றனர். மற்றப் பெயர்களுக்கு இந்த எண்ணிக்கை 33 விழுக்காட்டைத் தாண்டவில்லை. எல்லாமே இரண்டாம் படிக் கார்கள்தாம்.

இன்னொன்று, இயந்திரம் காணும் உலகம் நாம் காணும் உலகம் அல்ல. ராடாரை எடுத்துக்கொள்வோம். திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு எதிரிலுள்ள பொருளின் வேகத்தை அது அறிகிறது; டாப்ளர் விளைவு என்று வகுப்பில் படிக்கிறோம். ஆனால் சாலையோர இரும்புத் தடுப்பு, பாலம், தலைக்கு மேலுள்ள பெயர்ப்பலகை எல்லாமே நிற்கும் பொருள்களாக ராடாரில் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஊர் போய்ச் சேராது. எனவே நிற்பவற்றைப் பொருட்படுத்தாதே என்று பல அமைப்புகளுக்குச் சொல்லி வைத்தார்கள். விளைவு? ஓடும் வண்டியின் பின்னே அழகாகச் செல்லும் கார், அந்த வண்டி விலகியதும் அதன் முன்னே பழுதாகி நிற்கும் லாரியைக் காணாமற்போகலாம். நூறு தடவை சரியாக நின்றதைப் பார்த்த ஓட்டுநர் நூற்றோராம் தடவையும் நிற்கும் என்றே எண்ணுவார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ராடாருக்கு ஒன்றல்ல.

எச்சரிக்கை மணிக்கும் இதே கதிதான். வேண்டாத வேளைகளில் ஒலித்துக்கொண்டே இருந்தால் புலி வருது கதையாகிவிடும். ஓட்டுநர் அதை அணைத்துவைப்பார். அரிதாக ஒலித்தாலோ, ஒலிக்கும்போது அது எதற்கென்று விளங்காது.

கை மாற்றும் நேரம்

இரட்டை ஓட்டுநர் போகும் லாரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னால் தூங்குவார். முறை வந்ததும் எழுந்தவர் உடனே ஸ்டியரிங்கைப் பிடிப்பதில்லை. வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவி, டீ குடித்து, டயரைத் தட்டிப் பார்த்து, எந்த இடம், எவ்வளவு லோடு இழுக்கிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று இரண்டு வார்த்தை கேட்டுக்கொண்டபின்தான் ஏறுவார். எழுந்த கையோடு தொட்டால் வண்டி கைக்கு வராது என்பது அவர்கள் அனுபவம்.

மூன்றாம் படிக் கார் இந்தச் சடங்குகளுக்கு எவ்வளவு நேரம் தருகிறது? 2021 டிசம்பரில் ஜெர்மனி அனுமதியளித்த மெர்சிடிஸ் அமைப்பில் 10 வினாடி. அது அப்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வரை, நெரிசலுள்ள நெடுஞ்சாலையில் மட்டுமே இயங்கியது. மணிக்கு 60 கி.மீ. என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர், 10 வினாடியில் 167 மீட்டர். படித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, எங்கிருக்கிறோம், பின்னால் யார் வருகிறார், எந்தப் பக்கம் விலகலாம் என்று முடிவு செய்ய அந்தத் தொலைவு. ஓட்டுநர் வராவிட்டால் கார் தானே மெல்ல நின்றுவிடும்.

மனிதருக்கு உண்மையில் எவ்வளவு நேரம் வேண்டும் என்று இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக்சன், ஸ்டாண்டன் இருவரும் ஓட்டுநர் பயிற்சிப் பொறியில் 26 பேரை வைத்து அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். அவசரமில்லாத நிலையில், ஓட்டத்தைக் கையில் எடுக்க ஆளுக்கு ஆள் 1.9 வினாடி முதல் 25.7 வினாடி வரை ஆயிற்று. வேகம் மணிக்கு 113 கி.மீ.; அதாவது வினாடிக்கு 31.4 மீட்டர். முதலாமவர் 60 மீட்டருக்குள் ஆயத்தம். கடைசி மனிதர் ஆயத்தமாகும்போது கார் 800 மீட்டரைத் தாண்டியிருக்கும். சராசரி ஓட்டுநருக்காக ஒரு நேரத்தைக் குறித்துவிட்டால் இந்தக் கடைசி மனிதர் என்ன ஆவார்? அவரும் பணம் கொடுத்துத்தான் கார் வாங்கியிருப்பார்.

வானூர்தியில் இது முன்பே நடந்ததுதான். 2009 ஜூன் 1-ஆம் நாள் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்து, தானியங்கி விமானி விலகிக்கொண்டது. திடீரென்று விமானத்தைக் கையிலேற்ற விமானிகள் என்ன நடக்கிறதென்று விளங்குவதற்குள், நான்கரை நிமிடத்திற்குள், அட்லாண்டிக் கடலில் விழுந்தார்கள். 228 பேர் மாண்டார்கள். ஆகாயத்தில் பயிற்சி பெற்ற விமானிகளுக்கே நான்கு நிமிடம் போதவில்லை.

பழி யாருக்கு?

2018 மார்ச் 18-ஆம் நாள் இரவு, அரிசோனா மாநிலம் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி மீது மோதியது. அவர் இறந்தார். கார் அவரை மோதலுக்கு 5.6 வினாடி முன்பே கண்டுகொண்டது. ஆனால் வண்டி என்றும், வேறேதோ என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தது. அப்போது வேகம் மணிக்கு 43 மைல், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 19.2 மீட்டர். 5.6 வினாடியில் கிட்டத்தட்ட 108 மீட்டர். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விழித்திருக்கும் ஓட்டுநருக்கு எதிர்வினை நேரம் ஒன்றரை வினாடி என்றும், உலர்ந்த சாலையின் உராய்வுக் கெழு 0.7 என்றும் வைத்தால், கண்டது முதல் நின்றது வரை 56 மீட்டர் போதும். பாதித் தூரம் மீதமிருக்கும். கார் கண்டுகொண்ட அதே கணத்தில் மனிதக் கண் இருட்டில் கண்டிருக்குமா என்பது தனிக்கேள்வி; ஆனால் அந்தக் கண் சாலையிலேயே இல்லை. கண்காணிக்க அமர்த்தப்பட்டவர் கைப்பேசியில் நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டிருந்தார் என்று விசாரணை கண்டது.

அவர் மீது குற்றம் உண்டு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் உடன் சேர்ந்து தெரிய வந்தவை: காரைத் தயாரித்த வால்வோ நிறுவனம் பொருத்திய அவசரப் பிரேக்கை, தானே ஓடும்போது செயல்படாதபடி ஊபர் நிறுத்தி வைத்திருந்தது, முன்பு காருக்கு இருவர் என்றிருந்ததை ஒருவராகக் குறைத்திருந்தது. மேக்வொர்த்தின் கடிகாரத்தின் முன் ஓர் ஆளை இரவு முழுதும் தனியே உட்கார வைத்தது போல. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை. வழக்கு அந்த ஊழியர் மீது மட்டும் நடந்து, 2023-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார்.

மேடலின் கிளேர் எலிஷ் என்ற ஆய்வாளர் இதற்குப் பொருத்தமான ஓர் உவமை சொன்னார். காரின் முன்பகுதி மோதலில் நசுங்கும்படியே அமைக்கப்படுகிறது. நசுங்க நேரம் எடுப்பதால் உந்தமாற்றம் மெதுவாகி, விசை குறைந்து, உள்ளே இருப்பவர் பிழைக்கிறார். பாதி தானியங்கிகளில் மனிதனே அந்த நசுங்கும் பகுதியாகிறான். பழி என்னும் விசையை அவன் தாங்க, இயந்திரமும் அதைச் செய்தவரும் உள்ளே பத்திரமாக இருக்கிறார்கள்.

காற்று சற்றே திசை மாறுவதும் தெரிகிறது. 2019-இல் புளோரிடாவில் நடந்த மற்றொரு டெஸ்லா விபத்தில், கீழே விழுந்த கைப்பேசியை எடுக்க ஓட்டுநர் குனிந்த நேரத்தில் கார் ஓர் இளம்பெண்ணைக் கொன்றது. 2025 ஆகஸ்டில் மயாமி நகரின் நடுவர் குழு, பொறுப்பில் 67 விழுக்காட்டை ஓட்டுநருக்கும் 33 விழுக்காட்டை நிறுவனத்துக்கும் பிரித்து, நிறுவனம் சுமார் 24 கோடி டாலர் தர வேண்டும் என்றது. நிறுவனம் மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது.

மாட்டு வண்டியும் நம் சாலையும்

சந்தைக்குப் போய்த் திரும்பும் மாட்டு வண்டிக்காரர் தூங்கிவிட்டாலும் மாடுகள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வண்டியும் பாதி தானியங்கிதானே! பிராங்க் பிளெமிஷ் என்ற ஜெர்மானியரும் அவர் குழுவினரும் நாசாவில் பணியாற்றியபோது 2003-இல் இப்படியே நினைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது குதிரையை. குதிரை தானே பள்ளத்தைத் தவிர்க்கும். கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் ஆள் சொல்வதைக் கேட்கும். தளர்த்தினால் தன் வழியில் போகும். இரண்டுக்கும் நடுவே விலகல் என்பதே இல்லை. கயிறு எப்போதும் கையில். குதிரை மிரண்டால் கடிவாளம் வழியே கைக்குத் தெரிந்துவிடும். காரும் அப்படி, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்றில்லாமல், ஸ்டியரிங் வழியே ஓட்டுநருடன் பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்பது அவர்கள் யோசனை. என் சிற்றறிவுக்கு இதுவே சரியான வழியாகப் படுகிறது. ஓட்டுநரின் இடத்தில் உட்காராமல் அவருக்குப் பின்னால் நிற்கும் உதவிகள் நன்றாகவே பயன்படுகின்றன. முன்வண்டியில் இடிக்கப்போகையில் மட்டும் தானே பிடிக்கும் பிரேக், பின்னின்று இடிக்கும் விபத்துகளைப் பாதியாகக் குறைத்ததாக அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. அது ஓட்டுநரைத் தூங்கச் சொல்வதில்லை. அவர் தவறும்போது மட்டும் கை கொடுக்கிறது.

நம் நாட்டில் 2020-இல் எம்.ஜி. குளோஸ்டர், 2021-இல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 என இவ்வகைக் கார்கள் வந்தன. கோடு தேய்ந்த சாலையில் கோட்டைத் தேடும் காமிரா, தவறான பக்கத்தில் எதிரே வரும் டிராக்டர், இருளில் பின்விளக்கின்றி நிற்கும் கரும்பு வண்டி, இவற்றை எல்லாம் அந்த ஓட்டுநர்தாம் சமாளிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் இருக்கையை விட்டு எழுந்து, கார் தானே ஓடுவதைப் படமெடுத்துப் போட்டவர்கள் இங்கேயும் உண்டு.

2025 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. எட்டுக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றும் ஊர்திகளிலும் கனரகச் சரக்கு ஊர்திகளிலும் தானே பிடிக்கும் அவசரப் பிரேக், தடம் விலகினால் எச்சரிக்கும் கருவி, ஓட்டுநர் கண்ணயர்ந்தால் எச்சரிக்கும் கருவி ஆகியவை வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது இந்தக் கட்டுரையில் சொன்ன காமிரா, பணக்காரர் காரிலிருந்து இறங்கி லாரிக்குள் ஏறப்போகிறது. பிரேக் வருவதை என் தந்தையார் வரவேற்றார். கண்ணைப் பார்க்கும் கருவியைப் பற்றி மட்டும் ஒன்று கேட்டார்: “நான் தூங்கறதை அது முதலாளிக்குச் சொல்லீரும். நேத்து ராத்திரி எத்தனை மணி வரைக்கும் ஓட்டச் சொன்னாங்கன்னு அது யாருக்குச் சொல்லும்?” கருவிக்கு அந்த வேலை கொடுக்கப்படவில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருந்தது. அந்த நேரக் கணக்கை எழுதும் ஏடு தாம் ஓட்டிய எந்த லாரியிலும் இருந்ததில்லை என்கிறார்.